கேட்ச் கேன் போட்டபின் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கசிவு

டீசல் வண்டியில் கேட்ச் கேன் (இஞ்சின் புகையிலுள்ள எண்ணெயைப் பிடிக்கும் டப்பா) போட்டபின், ஏற்றத்தில் டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) பக்கம் கசிகிறது, அதன் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓ-ரிங்கை மாற்றாதீர்கள், புகை போகும் ஹோஸை மாற்றுங்கள். பழையது 19 மில்லிமீட்டர், கேனுக்குப் போட்டது 12 என்று எழுதியிருக்கிறீர்கள். துளையின் பரப்பில் பாதிகூட மிஞ்சவில்லை.

மலேசியாவின் கெந்திங் மலை ஏற்றத்தில் மட்டும் கசிவதும் அதனால்தான் இருக்கும். டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) முழு வேகத்தில் அழுத்தும்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிவரும் புகை கூடும். போக வழியில்லாமல் கிரேங்க்கேஸில் (இஞ்சினின் அடிக்கூடு) தேங்கி, டிப்ஸ்டிக் பக்கம் எண்ணெயைத் தள்ளும்.

இஞ்சின் ஆறியதும் கேனைக் கழற்றி, பழைய ஹோஸையே நேராக மாட்டி அதே ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கசிவு நின்றால் சிக்கல் கேனிலோ அதன் ஹோஸிலோதான். நிற்கவில்லையா? கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் சோதனை) எடுங்கள், ரிங் தேய்ந்திருக்கலாம்.

புது ஹோஸ் எண்ணெய் தாங்கும் ரகமாக இருக்கட்டும். தண்ணீர் ஹோஸ் சூட்டில் மெத்தென்று ஊறி, வளைவில் சப்பிவிடும்.

கேனில் பால் காப்பி நிறத்தில் தேங்குவது பெரும்பாலும் எண்ணெயோடு கலந்த நீராவி; குறைந்த தூரமே ஓட்டினால் இது சகஜம். கூலண்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் மட்டும் உடனே பட்டறைக்குப் போங்கள்.

ஒன்றை மறக்கவே வேண்டாம்: கேன் நிரம்ப விடாதீர்கள். அந்த எண்ணெய் இன்டேக்கில் (இஞ்சினுக்குக் காற்று போகும் வழி) இறங்கினால் டீசல் இஞ்சின் அதையே எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும்.