ட்ரம்ப் கை காட்டினால் குடியரசுக் கட்சியில் யாரும் ஜெயித்துவிடலாமா? உள்ளுக்குள் இவ்வளவு அடித்துக்கொண்டும் தேர்தல் நேரத்தில் அவர்கள் எப்படி ஒன்றாக நிற்கிறார்கள்?

கை காட்டினால் போதும் என்பது பாதிதான் உண்மை. அது எங்கே எடுபடும், எங்கே எடுபடாது என்று பார்க்க நான் குடியிருக்கும் ஜார்ஜியாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. ட்ரம்ப் ஒரு ஆளை ஒரு தேர்தலில் தூக்கிவிட்டார். அடுத்த தேர்தலில் அதே ஆளைக் கவிழ்க்க முழு மூச்சாக இறங்கித் தோற்றார். அந்த ஆள் பிரையன் கெம்ப், எங்கள் கவர்னர். இங்கே கவர்னர் நியமனப் பதவி இல்லை, மக்கள் ஓட்டில் வந்து மாநிலத்தை ஆளும் பதவி.

என் வீடு அட்லாண்டாவுக்கு வடக்கே ஃபோர்சைத் கவுண்டியில். குடியரசுக் கட்சியின் கோட்டை, அதே நேரம் இந்தியர்கள் வந்து குவிந்த இடமும்கூட. நான் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிப்பவன் இல்லை. பிரைமரியில் இரண்டு கட்சிகளின் வாக்குச்சீட்டையும் வாங்கியிருக்கிறேன்.

முதலில் அந்தப் பிரைமரி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அது புரியாமல் மற்றது புரியாது. இங்கே மேலிடம் உட்கார்ந்து யாருக்குச் சீட்டு என்று பட்டியல் வெளியிடுவதில்லை. கட்சி வேட்பாளர் யார் என்பதையே வாக்காளர்கள்தான் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். ஜார்ஜியாவில் இன்ன கட்சிக்காரர் என்று முன்கூட்டியே பதிவு செய்து வைப்பதும் இல்லை. வாக்குச்சாவடிக்குப் போனால் ஒரு படிவம், அதில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். பிறகு தொடுதிரையில் தேர்வு செய்து, அச்சாகி வரும் காகிதத்தை ஸ்கேனரில் விட்டுவிட்டு, பீச் பழம் போட்ட ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வெளியே வரலாம். யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு விழாவிட்டால் முதல் இரண்டு பேருக்கும் நடுவில் ரன்ஆஃப், அதாவது இரண்டாம் சுற்றுத் தேர்தல். ஆகவே எவ்வளவு பெரிய தலைவரானாலும் சீட்டைத் தூக்கிக் கொடுக்க முடியாது. "இவர் என் ஆள்" என்று சொல்ல மட்டும்தான் முடியும்.

2018-க்கு வருவோம். கவர்னர் பதவி காலியானது. லெப்டினன்ட் கவர்னராக, அதாவது கவர்னருக்கு அடுத்த பதவியில், இருந்த கேசி கேகிள்தான் அடுத்தவர் என்று எல்லோரும் பேசினார்கள். மே மாதப் பிரைமரியில் அவருக்கு 39 சதவீதம், கெம்புக்கு 25 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டு பேரும் ரன்ஆஃபுக்குப் போனார்கள். பதவியில் இருந்த கவர்னர் நேதன் டீல், நல்ல பெயர் எடுத்தவர், கேகிளுக்கு ஆதரவு அறிவித்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து ட்ரம்ப் கெம்பைக் கை காட்டினார். ரன்ஆஃபில் கெம்புக்குக் கிட்டத்தட்ட 69 சதவீதம். கேகிள் ஏற்கெனவே சறுக்கிக்கொண்டுதான் இருந்தார். போட்டியாளர் ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலில், ஒரு மசோதாவை அது மோசமானது என்று தெரிந்தே நிறைவேற்றியதாக அவர் பேசியது அம்பலமாகியிருந்தது. ஆனாலும் ட்ரம்பின் ஒரு ட்வீட்டுக்கு முன்னால் உள்ளூர்க் கவர்னரின் வாக்கு ஒன்றுமில்லாமல் போனது என்பதுதான் அன்று எல்லோரும் படித்த பாடம்.

விரிசல் அடுத்த வருடமே ஆரம்பித்துவிட்டது. 2019 கடைசியில் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில் ஜார்ஜியாவின் ஓர் இடம் காலியாக, அதற்கு ஆள் நியமிக்கும் உரிமை கெம்பிடம் வந்தது. ட்ரம்ப் விரும்பியது தன் ஆதரவாளர் டக் காலின்ஸை. கெம்ப் போட்டது கெல்லி லெஃப்லர் என்ற கோடீஸ்வரப் பெண்மணியை. நகர்ப்புறத்துப் பெண்களின் ஓட்டு கைவிட்டுப் போகிறது, அதைப் பிடிக்கலாம் என்ற கணக்கு. அப்புறம் 2020 தேர்தல். ஜார்ஜியாவை பைடன் 11,779 ஓட்டில் ஜெயித்தார். முடிவை மாற்ற உதவச் சொல்லி ட்ரம்ப் நெருக்கினார். கெம்ப் மறுத்து, சட்டப்படி கையெழுத்துப் போட்டார். தேர்தலை நடத்தும் மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கருக்கு ட்ரம்ப் போன் போட்டு 11,780 ஓட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னது உலகம் முழுக்கத் தெரிந்த கதை.

கட்சிச் சண்டைக்கு என்ன விலை என்பதை அந்தக் குளிர்காலத்தில் பக்கத்திலிருந்து பார்த்தோம். ஜனவரி 5-ஆம் தேதி இரண்டு செனட் இடங்களுக்கும் ரன்ஆஃப். இரண்டும் போனால் செனட்டே போய்விடும். அந்த நேரத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊரான ஆல்ஃபரெட்டாவில், இந்திய மளிகைக் கடைகளுக்கு நாங்கள் போய்வரும் ஊரில், ட்ரம்ப் தரப்பு வழக்கறிஞர்கள் லின் வுட்டும் சிட்னி பவலும் கூட்டம் போட்டு, தேர்தல் முறையைச் சரிசெய்யாவிட்டால் ஓட்டே போடாதீர்கள் என்று சொந்தக் கட்சிக்காரர்களிடமே பேசினார்கள். வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு டால்டனில் ட்ரம்ப் பேசினார். வந்தது லெஃப்லருக்கும் டேவிட் பெர்டியூவுக்கும் ஓட்டுக் கேட்க. பேசியதில் பெரும்பகுதி தன் தேர்தல் பறிபோனதைப் பற்றி. ஒன்றரை வருடம் கழித்து உங்கள் கவர்னரை எதிர்த்துப் பிரசாரம் செய்ய வருவேன் என்றும் அந்த மேடையிலேயே அறிவித்தார். மறுநாள் இரண்டு இடங்களும் ஜனநாயகக் கட்சிக்குப் போயின. இன்றுவரை எங்கள் ஊர்க் குடியரசுக் கட்சிக்காரர்கள் சத்தம் போட்டுப் பேச விரும்பாத தோல்வி அது.

சொன்னபடியே வந்தார். 2021 செப்டம்பரில் பெர்ரி ஊர்க் கூட்டத்தில், கெம்புக்குப் பதில் ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸ் இருந்தாலும் தேவலை என்ற அளவுக்குப் பேசினார். சொந்தக் கட்சிக் கூட்டத்தில்! டிசம்பரில் பெர்டியூவை கெம்புக்கு எதிராக இறக்கினார். முன்னாள் செனட்டர், கெம்புக்கு முன்பு நெருக்கமானவர், ட்ரம்பின் ஆசி பெற்றவர். காகிதத்தில் பார்த்தால் வலுவான வேட்பாளர்தான்.

கெம்ப் என்ன செய்தார்? ட்ரம்பைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் எனக்கு அவர்மேல் கோபமில்லை, அவருக்குத்தான் என்மேல் கோபம் என்ற ரீதியில் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அந்த வேலைதான் அவருடைய உண்மையான பிரசாரம். 2022 மார்ச்சில் பெட்ரோல் மீதான மாநில வரியை, கேலனுக்கு 29 சென்ட் சொச்சம், நிறுத்தி வைத்தார். வருமான வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் சட்டம் வந்தது. தம்பதியாகக் கணக்குக் காட்டியவர்களுக்கு 500 டாலர், எங்கள் வங்கிக் கணக்கிலும் வந்து விழுந்தது. ஆசிரியர்களுக்குச் சம்பள உயர்வு. உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம். பிரைமரிக்குச் சில நாள் முன்பு ஹூண்டாய் நிறுவனம் சவானாவுக்குப் பக்கத்தில் 554 கோடி டாலரில் மின்கார் தொழிற்சாலை கட்டப் போவதாக அறிவிப்பு. பதவியில் இருப்பவருக்கு இருக்கும் வசதி அது. பெர்டியூ என்ன வைத்திருந்தார்? தொலைக்காட்சி விவாதத்தில் எடுத்த எடுப்பிலேயே 2020 தேர்தல் திருடப்பட்டது என்றுதான் ஆரம்பித்தார்.

எதிர் வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார், மாடியில் எப்போதும் ட்ரம்ப் கொடி பறக்கும். அந்த மே மாதம் அதே வீட்டுப் புல்தரையில் கெம்ப் பெயர்ப் பலகையும் முளைத்தது. குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தவரிடம் இரண்டும் எப்படி ஒன்றாக என்று கேட்டேன். கவர்னர் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறார், ட்ரம்ப் மறுபடி ஜனாதிபதியாக வரட்டும், இதில் என்ன குழப்பம் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எனக்குத் தெரிந்து இந்தத் தேர்தலின் மொத்த சூட்சுமமும் அதில் இருக்கிறது. இவரா அவரா என்று தன் வாக்காளர் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையைக் கெம்ப் உருவாக்கவே இல்லை. பெர்டியூ அதை மட்டும்தான் உருவாக்கினார். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் முன்னாள் துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் கென்னசாவுக்கு வந்து கெம்புடன் மேடை ஏறினார். குடியரசுக் கட்சி கவர்னர்கள் சங்கம் கெம்புக்காக விளம்பரத்தில் லட்சக்கணக்கான டாலர் செலவழித்தது. ட்ரம்ப் அன்று மாலை பெர்டியூவுக்காகத் தொலைபேசி வழிக் கூட்டம் நடத்தினார். மே 24, முடிவு: கெம்ப் கிட்டத்தட்ட 74 சதவீதம், பெர்டியூ 22.

அதே நாளில் மற்ற இடங்களில் நடந்ததையும் பார்த்தால்தான் கை காட்டுவதன் எடை தெரியும். செனட் பிரைமரியில் ட்ரம்ப் நிறுத்திய ஹெர்ஷல் வாக்கர், ஜார்ஜியாவே கொண்டாடும் அமெரிக்கக் கால்பந்து வீரர், சுலபமாக ஜெயித்தார். லெப்டினன்ட் கவர்னர் இடம் காலி, அங்கே ட்ரம்பின் ஆள் பர்ட் ஜோன்ஸ் 50 சதவீதத்தை மயிரிழையில் தாண்டி ரன்ஆஃபிலிருந்து தப்பித்தார். மக்களுக்குப் பெரிதாக அறிமுகமில்லாத ஆட்கள் மோதும் இடத்தில் ட்ரம்ப் சொல் அந்தக் கடைசிச் சில புள்ளிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் வெர்னன் ஜோன்ஸ் கதை வேறு. முன்னாள் ஜனநாயகக் கட்சிக்காரரான அவரைக் கவர்னர் போட்டியிலிருந்து விலகவைத்து, 10-ஆவது தொகுதியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நிற்கச் சொல்லி ட்ரம்ப் ஆதரவு கொடுத்தார். அந்த ஊர்க்காரர்கள் ரன்ஆஃபில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு ஓட்டை மைக் காலின்ஸுக்குப் போட்டார்கள்.

ராஃபன்ஸ்பெர்கர் 52 சதவீதத்தில் ரன்ஆஃப் இல்லாமலே தப்பியது பலருக்கு ஆச்சரியம். ஜனநாயகக் கட்சியில் கவர்னர் இடத்துக்கு ஏப்ரம்ஸ் போட்டியின்றி நின்றதால், அந்தப் பக்கத்து ஆட்கள் சிலர் இந்தப் பக்க வாக்குச்சீட்டை வாங்கி ஓட்டுப் போட்டார்கள். எங்கள் நண்பர் வட்டத்திலும் அப்படிச் செய்தவர்கள் உண்டு. கெம்புக்கு இது தேவைப்படவே இல்லை, 50 புள்ளி இடைவெளியை யாரும் பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்க முடியாது. ராஃபன்ஸ்பெர்கருக்குத் தேவைப்பட்டிருக்கலாம்.

சரி, ஒற்றுமைக்கு வருவோம். கட்சி என்று ஒன்று கூடி உட்கார்ந்து சமாதானம் பேசியதாக நினைக்க வேண்டாம். அந்த நவம்பரில் கெம்ப் ஏப்ரம்ஸை ஏழரைப் புள்ளியில் ஜெயித்தார். வாக்கருக்குக் கெம்பைவிட இரண்டு லட்சம் ஓட்டு குறைவு, அவர் ரன்ஆஃபுக்குப் போக வேண்டியதாயிற்று. தேர்தல் நாள்வரை வாக்கருடன் ஒரே மேடையில் நிற்காமல் கவனமாக ஒதுங்கியிருந்த கெம்ப், தன் வெற்றி கைக்கு வந்த பிறகுதான் ரன்ஆஃபுக்காக அவரோடு மேடை ஏறினார், தன் தேர்தல் ஆட்களையும் இரவல் கொடுத்தார். வாக்கர் அப்படியும் தோற்றார். மாநிலக் கட்சி அமைப்பு ட்ரம்ப் ஆதரவாளர்கள் கையில் இருந்ததால், கெம்ப் அதைத் தொடாமலே தனக்கென்று தனி நிதி அமைப்பை வளர்த்துக்கொண்டார். கவர்னர் போன்றவர்கள் உச்சவரம்பில்லாமல் நன்கொடை வாங்க 2021-ல் அவரே கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. எனக்குப் பிடிக்காத சட்டம், ஆனால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. 2023 ஜூனில் கொலம்பஸில் மாநில மாநாடு நடந்தபோது ட்ரம்ப் வந்து பேசினார், கவர்னர் அந்தப் பக்கமே போகவில்லை.

2024 ஆகஸ்ட் 3, அட்லாண்டா கூட்டத்தில் ட்ரம்ப் மறுபடி கெம்பைக் கிழித்துத் தொங்கவிட்டார், அவர் மனைவியையும் விடவில்லை. நவம்பரில் ஜெயிப்பதில்தான் என் கவனம், என் குடும்பத்தை இழுக்காதீர்கள் என்று கெம்ப் பதில் போட்டார். அவ்வளவுதான். மூன்று வாரத்துக்குள் கெம்ப் ஃபாக்ஸ் நியூஸில் ஷான் ஹேனிட்டியிடம் ட்ரம்ப் ஜெயிக்க வேண்டும் என்று பேச, ட்ரம்ப் நன்றி தெரிவித்துப் பதிவு போட்டார். அக்டோபரில் ஹெலீன் புயல் சேதத்தைப் பார்க்க வந்தபோது எவன்ஸ் ஊரில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ட்ரம்ப் ஜார்ஜியாவை ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் ஓட்டு வாக்கில் ஜெயித்தார்.

இவ்வளவு சுலபமாக ஒட்ட முடிந்ததற்குக் காரணம் அவர்கள் கொள்கைக்காகச் சண்டை போடவில்லை என்பதுதான். கருக்கலைப்புச் சட்டம், துப்பாக்கி, வரி, தேர்தல் விதிகளைக் கடுமையாக்கிய 2021 சட்டம் என்று எதை எடுத்தாலும் கெம்ப் அசல் பழமைவாதி. அவரை நடுநிலைவாதி என்று இந்தியத் தொலைக்காட்சிகளில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 முடிவில் கையெழுத்துப் போட்டது ஒன்றுதான் சண்டைக்குக் காரணம்.

எதிர்மாதிரி வேண்டுமென்றால் ஜெஃப் டங்கனைப் பாருங்கள். கெம்ப் காலத்து லெப்டினன்ட் கவர்னர், 2020 விஷயத்தில் கெம்ப் எடுத்த அதே நிலைதான் அவருடையதும். ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ட்ரம்பைக் கண்டித்துப் பேசினார், 2022-ல் மறுபடி நிற்கவில்லை, 2024-ல் கமலா ஹாரிஸுக்கு ஆதரவு தெரிவித்தார். 2025 ஜனவரியில் மாநிலக் கட்சி அவரை நீக்கியது, ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். நேர்மை என்று பார்த்தால் எனக்கு டங்கன்மேல் மதிப்பு அதிகம். ஓட்டுக் கணக்கு என்று பார்த்தால் கெம்ப் கெட்டிக்காரர்.

2026-ல் கெம்ப் மறுபடி நிற்க முடியாது, தொடர்ந்து இரண்டு முறைதான் சட்டம் அனுமதிக்கிறது. அதாவது காலி இடம், ட்ரம்ப் சொல் நன்றாக எடுபடும் வகை. 2025 ஆகஸ்டிலேயே அவர் பர்ட் ஜோன்ஸைக் கை காட்டிவிட்டார். எதிரே களத்துக்கு வந்தவர்களில் ராஃபன்ஸ்பெர்கரும் ஒருவர். ஆனால் இந்த முறை ஜனநாயகக் கட்சிப் பக்கமும் கவர்னர் இடத்துக்குச் சரியான போட்டி, அட்லாண்டா முன்னாள் மேயர் கீஷா லான்ஸ் பாட்டம்ஸ், நம் டங்கன் என்று. 2022-ல் சீட்டு மாற்றி வாங்கிய என் நண்பர்கள் இந்தத் தடவை தங்கள் கட்சிச் சீட்டைத்தான் வாங்கப் போவதாகச் சொல்கிறார்கள்.