நகரத்துக்குள் கார் வராத மண்பாதைகளை சைக்கிளுக்கும் நடைக்கும் அமைக்க முடியுமா?

முடியும். கோலாலம்பூரிலேயே இருக்கின்றன. எல்லாரும் "இடம் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள், எனக்கு இடத்தைவிட மழைதான் கவலை.

டத்தாரான் மெர்டேக்காவிலிருந்து மிட்வேலி வரை 5.5 கிலோமீட்டருக்கு 2015இல் தனிச் சைக்கிள் பாதை திறந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் புகுந்துவிடுகிறார்கள் என்பதைத் தவிர எனக்குக் குறையில்லை. நீங்கள் கேட்பது மண்பாதை என்பதால், அவை இருக்கும் புக்கிட் கியாராவுக்கு வருகிறேன்.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய அந்தக் குன்று ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நம்மவர்கள் பால் வெட்டிய இடம். புதருக்குள் இன்றும் பால்மரங்களைப் பார்க்கலாம். மேட்டு நிலத்தில் மண் அரிக்காமலிருக்க, சரிவுக்குக் குறுக்கே படிபடியாக வெட்டி நடுவது தோட்டத்து வழக்கம். அப்படிப்பட்ட பழைய படி கிடைத்தால் பாதை போடுகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய என் அப்பாவை ஒருநாள் அங்கே கூட்டிப்போனேன். அவர் பாதையைப் பார்க்கவே இல்லை. ஒரு மரத்தைத் தடவி, "பட்டையை இப்படியா காயப்படுத்துவான்?" என்று யாரோ ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நானும் நண்பர்களும் வேறோரிடத்தில் முதன்முதலாகப் பாதை வெட்டியபோது, குறுக்குவழி என்று சரிவில் நேரே கீழே இறக்கிவிட்டோம். மூன்று மாத மழையில் அது வாய்க்காலாகிவிட்டது. வேர்களெல்லாம் வெளியே தெரிந்தன. பிறகுதான் கணக்கைக் கற்றுக்கொண்டோம். மலைச்சரிவு எவ்வளவோ, பாதையின் ஏற்றம் அதில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையைக் கடந்து போகாது, பாதையோடே ஓடும். நீண்ட இறக்கமென்றால் நடுநடுவே சிறிது ஏற்றம் வைக்க வேண்டும்; ஏற்றத்துக்கு முன்னால் உண்டாகும் பள்ளத்தில் தண்ணீர் வெளியேறிவிடும். அகலம் ஒரு மீட்டர் போதும். அந்த ஒரு மீட்டருக்குள், சரிவு இறங்கும் பக்கத்து வெளிவிளிம்பு ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும்.

அதை அளக்க எங்களிடம் கருவி எதுவும் கிடையாது. உருண்டையான ஒரு ரப்பர்க் கொட்டையைப் பொறுக்கிப் பாதையின் உள்விளிம்பில் வைப்போம். அது மெல்ல உருண்டு வெளிப்பக்கம் விழுந்தால் சரி. பாதை நீளத்துக்கு ஓடினாலோ நடுவில் நின்றாலோ, மண்வெட்டியை மறுபடியும் எடுக்க வேண்டியதுதான்.