'பாரோ மீ' பற்றி

டர்பன் அலுவலகத்தில் நீங்கள் ஆங்கிலத்தில் 'பாரோ மீ யுவர் பென்' (borrow me your pen) என்றதும் புதிய மேலாளர் திருத்தினார், என்ன தவறு என்று கேட்டிருந்தீர்கள். தமிழில் யோசியுங்கள், உடனே விளங்கும். 'பாரோ' என்றால் இரவல் வாங்குவது. 'லெண்ட்' (lend) என்றால் இரவல் கொடுப்பது. பேனா அவருடையது, கொடுக்கப்போவது அவர். அதனால் 'லெண்ட் மீ யுவர் பென்', அல்லது உங்களை முன்வைத்து 'கேன் ஐ பாரோ யுவர் பென்?' பின்னது இன்னும் பணிவு.

தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் இரண்டுக்கும் 'லியன்' (leen) ஒன்றே. இங்கே 'பாரோ மீ' புழங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். தெருவில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். நேர்காணலிலும் மின்னஞ்சலிலும்தான் உறுத்தும்.

கூட வரும் சொல்லையும் கவனியுங்கள்: 'பாரோ' என்றால் 'ஃப்ரம்' (ஐ பாரோட் இட் ஃப்ரம் ஹிம்), 'லெண்ட்' என்றால் 'டு'. திருப்பித் தராத உப்பு, சர்க்கரைக்கு 'கேன் ஐ ஹேவ்' போதும்.