மலேசிய வெள்ளி பலமாகிவிட்டதா, ரூபாய் இளைத்துவிட்டதா?

கேள்வி: மகளை அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். முன்பைவிட வெள்ளிக்கு (ரிங்கிட்) நிறைய ரூபாய் கிடைக்கிறது. நம் வெள்ளி பலமாகிவிட்டது என்று நம்பலாமா?

ரூபாயை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள்.

நான் மலேசியாவில், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். நாமக்கல்லில் இருந்த அத்தைக்குப் பணம் அனுப்பும்போதெல்லாம் இங்கே எத்தனை வெள்ளி, அங்கே எத்தனை ரூபாய் என்று 555 என்ற சின்னக் கணக்கு நோட்டில் குறித்து வைப்பார். ஓரமெல்லாம் பால்கறை படிந்த அந்த நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

1997 தொடக்கத்தில் 200 வெள்ளிக்கு 2,800 ரூபாய் போல வந்திருக்கிறது. 1998 ஜனவரியில் அதே 200க்கு 1,800கூட இல்லை. இடையில் 1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் பாட் நாணயத்தைச் சந்தையின் போக்கில் விட்டது. பயந்துபோன முதலீட்டாளர்கள் இந்த வட்டாரம் முழுவதிலிருந்தும் பணத்தை எடுத்தார்கள். 2.50 வெள்ளியாக இருந்த அமெரிக்க டாலர் 1998 ஜனவரியில் 4.88 வரை போனது.

அண்ணன் அப்போது இந்தியாவில் படித்துக்கொண்டிருந்தார். ஆண்டுக் கட்டணம் 3,000 டாலர். முதல் ஆண்டு 7,500 வெள்ளியோடு முடிந்தது, மறு ஆண்டு 13,000ஐத் தாண்டியது. வங்கிக் கவுண்டரில் அப்பா கணக்கை இரண்டு முறை போடச் சொன்னார். அப்புறம் வீட்டுக்கு வந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த இரண்டு கறவை மாடுகளையும் விற்றார்.

1998 செப்டம்பரில் அரசு டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டது. 2005 ஜூலையில் அவிழ்த்துவிட்டது. 2011இல் டாலர் 3 வெள்ளிக்குக் கீழேகூட வந்தது. எண்ணெய் விலை சரிந்த பிறகு, 2015இல் 4ஐத் தாண்டியது. அமெரிக்காவில் வட்டி உயர, 2024 பிப்ரவரியில் 4.80ஐத் தொட்டது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த பிப்ரவரியில் டாலரிடம் நம் வெள்ளி 1998இன் அடிமட்டத்தை ஒட்டிக் கிடந்தது. ஆனாலும் ஒரு வெள்ளிக்கு 17 ரூபாய் கிடைத்தது. 1997இன் நல்ல நாளில் கிடைத்ததைவிட அதிகம்! காரணம், 36 ரூபாயாக இருந்த டாலர் அதற்குள் 83 ஆகியிருந்தது. இந்தியாவில் விலைவாசி வேகமாக ஏறியதும், கச்சா எண்ணெயை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருப்பதும் ரூபாயைத் தேய்த்துவிட்டன. நாமும் இறங்கினோம், அவர்கள் கூடுதலாக இறங்கினார்கள்.

சிங்கப்பூரோடு ஒப்பிட்டால் மனசு வலிக்கும். 1973 மே வரை இரண்டு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. 2024 தொடக்கத்தில் அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நாம் மூன்றரை கொடுத்தோம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஞாயிறு மாலை சிங்கப்பூர் வேலைக்குப் பஸ் ஏறுவது இதற்காகத்தான்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிக் கடிதத்தில் கட்டணம் எந்த நாணயத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல இடங்களில் டாலரில்தான் கேட்பார்கள். டாலர் என்றால், முதல் ஆண்டுக்கானதையாவது வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறந்து கொஞ்சம் கொஞ்சமாக டாலர் வாங்கிச் சேர்த்து வையுங்கள். சாப்பாடு, விடுதிச் செலவு ரூபாயில்தான் இருக்கும். அதை மாதா மாதம் அனுப்பினால் போதும்.