மூசையில் எழுதிய ‘1 கிலோ’ எந்த உலோகத்துக்கு?

கேள்வி: கிரைண்டரின் ரப்பர் கால் ஒன்று தேய்ந்துபோச்சுங்க. இன்னொரு காலை மாதிரியாக வைத்து அச்செடுக்க, பிளாட்டினம் வகை சிலிகான் (பிளாட்டினம் சேர்மத்தால் இறுகும் அச்சு ரப்பர்) ஒரு கிலோ ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு பாட்டிலையும் சொன்னபடி சம எடையில் கலந்து ஊற்றினேன். டப்பா ஓரமெல்லாம் இறுகிவிட்டது. காலை ஒட்டிய இடம் மட்டும் இரண்டு நாளாகியும் பிசுபிசுன்னு இருக்குதுங்க. மட்டச் சரக்கா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? – பல்லடம் வாசகர்

பதில்: ஓரம் இறுகியிருப்பதால் சரக்கைக் குறை சொல்ல முடியாது. கிரைண்டர் கால், கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர். கந்தகம் பட்ட இடத்தில் பிளாட்டினம் வகை இறுகாது. கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணும் லேட்டக்ஸ் கையுறையும் இதே வேலையைச் செய்யும். காலுக்கு இரண்டு கோட் அக்ரிலிக் லேக்கர் அடித்துப் பார்க்கலாம், ஆனால் எப்போதும் கைகொடுக்காது. ரப்பர் மாதிரிக்கு டின் க்யூர் சிலிகான்தான் (வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும் வகை) தோது. அதில் 100 கிராமுக்குக் கேட்டலிஸ்ட் (இறுகவைக்கும் திரவம்) 2 முதல் 5 கிராம்தான், லேபிளில் உள்ள அளவை 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுக்க வேண்டும். கண் அளவில் சொட்டு விட்டால், கூடினால் காற்றுக்குமிழ் வெளியேறும் முன்பே இறுகிவிடும். குறைந்தால் கொழகொழவென்றே கிடக்கும்.

மீதிச் சரக்கில் 20 கிராமைப் புதுப் பேப்பர் கப்பில், ரப்பர் எதுவும் படாமல், அடி ஓரமெல்லாம் வழித்துக் கலந்து வையுங்கள். லேபிள் சொன்ன நேரத்துக்குப் பிறகும் அது இறுகாவிட்டால் சரக்கில் குறை. வீடியோ, தயாரிப்புத் தேதி, பேட்ச் எண், பில் ஆகியவற்றோடு விற்றவரிடம் கேளுங்கள். மசியவில்லையா, 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அச்சு சரியானதும் அதில் ஊற்ற ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தைச் சொல்லும் அளவு) 60-70 கடினத்தில் பாலியூரிதேன் ரப்பர் வாங்குங்கள். சிலிகானையே ஊற்றினால் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். பாலியூரிதேன் ஈரத்தைக் கண்டால் நுரைத்துவிடும். ஆடிச் சாரலில் திறந்து வைத்த பாட்டில் அடுத்த முறை உதவாது, சிறிய பேக்கே லாபம்.

கேள்வி: ‘1 கிலோ’ என்று போட்ட கிராஃபைட் மூசையில் (உலோகம் உருக்கும் பாத்திரம்) அலுமினியம் 300 கிராம்கூடக் கொள்ளவில்லை. ஏமாற்றுதானே? – கோபி வாசகர்

பதில்: அந்த எடை பெரும்பாலும் பித்தளைக்கு. ஒரு கிலோ பித்தளைக்கு சுமார் 120 மில்லி இடம் போதும். அதே இடத்தில் உருகிய அலுமினியம் விளிம்புவரை நிரப்பினாலும் 300 கிராமுக்குள்தான். நகைப் பட்டறைக்கு விற்கும் மூசையில் தங்க எடை போட்டிருப்பதும் உண்டு; அப்படியானால் அந்த 300 கிராமில் பாதிகூடக் கொள்ளாது. எந்த உலோகம் என்று விளம்பரத்தில் எங்குமே சொல்லாவிட்டால், தவறான விவரம் என்று புகார் செய்ய இடமுண்டு. பொடி எழுத்தில் ‘பித்தளை’ என்று இருந்தால் வழக்கு நிற்பது கஷ்டம்.

இனி மில்லி கணக்கில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் அளக்க உலர்ந்த ரவை போதும். தண்ணீர் வேண்டாம்: ஈரம் ஊறிய மூசை சூட்டில் விரிசல் விடும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பவும் கூடாது.

உருக்க அலுமினியம் வேண்டுமென்றால், பழைய இரும்புக் கடையில் ஜன்னல் செக்‌ஷனை விட்டுவிட்டு என்ஜின் பிஸ்டனாகக் கேளுங்கள். அதில் சிலிகான் தனிமம் கூடுதல், அச்சின் மூலைவரை ஓடும். குளிர்பான கேன் உருக்கினால் கசடுதான் அதிகம். எதைப் போட்டாலும் உலை விளிம்பில் சுட வைத்துவிட்டுப் போடுங்கள். ஈரத்துண்டு உருகிய உலோகத்தில் விழுந்தால் முகத்துக்குத் தெறிக்கும். உலைக்குத் தேங்காய்த் தொட்டிக்கரியும் சின்ன ஊதுகாற்றாடியும் போதும்.

கேள்வி: சிலிகான் அச்சில் நேராக அலுமினியம் ஊற்றலாமா? – உடுமலை வாசகர்

பதில்: கூடாது. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். சூடு தாங்கும் சிலிகானே 300 வரைதான். 232-ல் உருகும் வெள்ளீயத்துக்கு அது சரி. அலுமினியத்துக்கு மண் அச்சுதான்: நைஸ் மணல் 10 கிலோ, பெண்டோனைட் (ஒட்டும் களிமண் பொடி) ஒரு கிலோ, தண்ணீர் 300 முதல் 400 மில்லி. கைப்பிடியில் அழுத்தி உடைத்தால் பொலபொலவென்று உதிராமல் இரண்டாகப் பிளக்க வேண்டும். உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால் தண்ணீர் கூடிப்போச்சு.