பதில்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அம்மாவின் பழைய வீடு, அடுப்படி பியூஸ் அடிக்கடி போகிறது

சகோதரி, தண்ணீர்க் கேத்தலும் சோற்றுப் பானையும் ஒன்றாக ஓடினால் சிறிது நேரத்தில் பியூஸ் போகிறது, தனித்தனியாக ஓடினால் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தடித்த பியூஸ் கம்பி போடச் சொல்லும் உங்கள் அண்ணனின் யோசனையை முதலில் தள்ளிவையுங்கள். பியூஸ் உருகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும். அந்தக் காலத்துத் தோட்ட வீடுகளில் பலகைச் சுவர்தானே!

கணக்கைப் பாருங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட். 2200 வாட் கேத்தல் ஏறக்குறைய 9.5 ஆம்பியர் இழுக்கும். 700 வாட் பானை 3. மொத்தம் 12.5. சரியான 15 ஆம்பியர் கம்பி இதைத் தாராளமாகத் தாங்கும். ஆகவே யாரோ அதைவிட மெல்லிய கம்பியைச் சுற்றியிருக்க வேண்டும்; இல்லையென்றால் பியூஸ் கம்பியை மாட்டும் கட்டையின் திருகு தளர்ந்து சூடேறுகிறது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கட்டையை உருவிப் பாருங்கள். கம்பி நடுவில் மட்டும் உருகியிருந்தால் சுமை அதிகம். கம்பியே சிதறிக் கட்டை கரியாகியிருந்தால் ஷார்ட், அதாவது வயர்கள் எங்கோ ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றன. அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

வயர் ரப்பர் உறை போட்டதாக இருந்தால், தொட்டாலே உதிரும். அப்போது எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்வேலைக் குத்தகையாளரிடம் வயரை முழுதாக மாற்றச் சொல்லுங்கள். கூடவே மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பானும் கேளுங்கள். பியூஸ் வயரைத்தான் காக்கும், ஷாக் வாங்கும் ஆளைக் காக்காது. அதுவரை கேத்தலை அடுப்படி பியூஸில் சேராத வேறு பிளக்கில் போடச் சொல்லுங்கள்.