சுவீடனில் வரி கட்டுவது யார்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பணக்காரர்களின் வரிச்சலுகை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இதற்கெல்லாம் சுவீடன் எப்போதோ வழி கண்டுவிட்டதே! பணக்காரர்களிடம் வரி வாங்கி எல்லோருக்கும் செலவழிக்கிறார்கள். மற்ற நாடுகளும் அதைப் பார்த்துச் செய்ய வேண்டியதுதானே?

கே.ஆர்., திருச்சி

அன்புள்ள கே.ஆர்.,

பாதி சரி. சம்பளத்தில் அங்கே மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி குறைவு. சொத்து என்று வந்தால் கதையே வேறு. அங்கே வாரிசு வரியே கிடையாது. நீங்கள் கோபப்படும் அமெரிக்காவில்கூட, பெரும் பணக்காரர்களுக்கு மட்டுமாவது, அது இன்னும் இருக்கிறது. சுவீடனில் அதை எடுத்ததும் வலதுசாரிகள் அல்ல, 2004 கடைசியில் பிரதமர் யோரான் பெர்சனின் இடதுசாரி சமூக ஜனநாயக அரசு. (சுனாமியில் இறந்த சுவீடன்காரர்களின் குடும்பங்களுக்கும் பொருந்தட்டும் என்று டிசம்பர் 17 முதலே ரத்தானதாக முன்தேதியிட்டார்கள்.) செல்வ வரி 2007-இல் போனது.

வீட்டு வரியைப் பாருங்கள். 2008 முதல் அதற்கு உச்சவரம்பு உண்டு, இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 குரோனா (சுவீடன் நாணயம்). சிறிய ஊரில் 30 லட்சம் குரோனா பெறும் வீட்டில் இருக்கும் நர்ஸுக்கும் அதே தொகைதான், ஸ்டாக்ஹோமை ஒட்டிய யூர்ஸ்ஹோல்மில் 3 கோடி குரோனா மாளிகையில் இருப்பவருக்கும் அதே தொகைதான். அந்த நர்ஸின் சம்பளத்துக்கு, கழிவு போக, உள்ளாட்சி வரி சராசரியாக 32 சதவீதம். கடையில் வாங்கும் பெரும்பாலான பொருளுக்கு 25 சதவீதம். அரசு செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி இப்படி வருவதுதான்.

இதன் வேர் 1951-இல் இருக்கிறது. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பொருளாதார அறிஞர்கள் யோஸ்டா ரேன், ருடோல்ஃப் மைட்னர் இருவரும் ஒரு திட்டம் வைத்தார்கள். நிறுவனம் லாபத்தில் ஓடினாலும் தள்ளாடினாலும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். கொடுக்க முடியாத கம்பெனி மூடட்டும், அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அரசு வேறு தொழில் பழக்கிக்கொடுக்கும். அப்புறம்தான் சிக்கல். நன்றாக ஓடும் கம்பெனி பொதுச் சம்பளத்துக்கு மேல் தர வேண்டியதில்லை, மிச்சம் முதலாளி கைக்குப் போனது. சம்பளத்தைச் சமமாக்கிய ஏற்பாடே சொத்தைக் குவிக்கவும் உதவியது. இதை மைட்னரே பார்த்துவிட்டார். பெரிய நிறுவனங்கள் ஆண்டு லாபத்தில் 20 சதவீதத்தைப் புதுப் பங்குகளாகத் தொழிலாளர் நிதிக்குத் தரட்டும் என்று எழுபதுகளில் சொன்னார். 1983 அக்டோபர் 4-இல் அதற்கு எதிராகப் பல்லாயிரம் பேர் ஸ்டாக்ஹோம் தெருவில் இறங்கினார்கள். நீர்த்துப்போன வடிவில் 1984-இல் வந்த திட்டம் 1991-இல் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது.

பழைய வரிகள் எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். தன் வருமானத்தின் மேல்பகுதிக்கு 102 சதவீதம் வரி விழுகிறது என்று 1976-இல் சிறுவர் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் கணக்குப் போட்டுக் காட்டினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சி அந்த ஆண்டே தோற்றது.

என்னைக் கேட்டால், அமெரிக்கா பார்த்துச் செய்ய வேண்டியது சுவீடனின் வரியை அல்ல, சம்பளப் பேரத்தை. சுவீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லை, சங்கங்கள் போடும் ஒப்பந்தம் பத்தில் ஒன்பது தொழிலாளர்களைக் காக்கிறது. அமெரிக்காவில் சட்டம் உண்டு, மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலரில் அப்படியே நிற்கிறது. தனியார் துறையில் நூற்றுக்கு ஆறு பேர்தான் சங்கத்தில் இருக்கிறார்கள். பேரம் பேச யார் போவது?